நடக்காத விபத்துகளின் பெட்டி

உக்காருங்க சார், ஜன்னல் பக்கமே உக்காருங்க. எனக்கு இன்னைக்கு வேடிக்கை பார்க்கற மனநிலை இல்லை. செய்யாறா? நானும் அங்கேதான். ஏர்போர்ட்லேர்ந்து வர்றேன். இல்லை இல்லை, நான் எங்கேயும் போய்ட்டு வரலை. வழியனுப்பிட்டு வர்றேன். நான் ஏற வேண்டிய பிளேன்ல இன்னொருத்தரை ஏத்திவிட்டுட்டு, கையையும் ஆட்டிட்டு, தாம்பரத்துல பஸ் பிடிச்சு வர்றேன். கம்பெனி வேன் இருந்தது. அது ஏதோ ஸ்பேர் பார்ட்ஸ் ஏத்திக்கிட்டு வரப் போயிடுச்சு. ஸ்பேர் பார்ட்ஸுக்கு வேன், தணிகாசலத்துக்கு பஸ்.

தணிகாசலம் நான்தான். செய்யாறு பக்கம் கார் சீட் செய்யற ஜப்பான் கம்பெனியில சூப்பர்வைசர். அங்கே என் பேரு தணிகா-சான், சான்னா நம்ம ஊரு சார் மாதிரி. அசலத்தை என்ன செஞ்சாங்கன்னு தெரியலை. எங்க புராஜெக்ட் தலைவர் நிஷிமுரா, ஜப்பான்லேர்ந்து வந்தவர், வந்த அன்னைக்கே வெட்டி எடுத்துட்டாரு. ஒரு மனுஷனோட பேரை முழுசாச் சொல்லத் தெரியாதவங்க நமக்கு வேலை சொல்லித்தர வர்றாங்க. அதுதான் சார் காலம்.

கதை என்னன்னா, புதுசா ஒரு லைன் போடணும். ஆறு மாசக் கெடு. மூணு டீம். என் டீம்ல நாப்பது பேர். பாதி நம்ம ஆளுங்க, பாதி இந்திக்காரங்க. ஆறு மாசம் முடிஞ்சதும், எந்த டீம் நல்லா நடந்திருக்கோ அந்த டீம் சூப்பர்வைசரை மூணு மாசம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவாங்க. திரும்பி வந்தா அந்த லைனுக்கே அவர்தான் இன்சார்ஜ். பதினெட்டு வருஷமா சூப்பர்வைசராவே இருக்கேன் சார். என் கீழே வேலை கத்துக்கிட்டவன் ரெண்டு பேரு வேற கம்பெனியில மேனேஜர். சொந்தக்காரங்க கல்யாணத்துல பார்த்தா, "மாமா இன்னும் அங்கேதானா"ன்னு கேட்பாங்க. அந்த "இன்னும்" இருக்கே, அதுக்காகவே நான் ஜப்பான் போகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

வேலையில எனக்குப் பயமே இல்லை. காலையில எட்டு மணிக்கு வரிசையா நின்னு கை காலை ஆட்டணும், அதுவும் பரவாயில்லை. ஸ்கூல் டிரில்தானே. அதுக்கப்புறம்தான் வம்பு. டீமுக்கு ஒரு மஞ்சப் பெட்டி வெச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு கட்டுக் கார்டு. நியர் மிஸ் கார்டுன்னு பேரு. அடிபட இருந்து தப்பிச்சோம்னு வைங்க, மேலேர்ந்து ஒரு ஸ்பேனர் விழுந்தது, தலையில படலை, அதை எழுதிப் போடணும். படலையே, அப்புறம் எதுக்கு எழுதணும்? அதைத்தான் சார் நானும் கேட்டேன். நிஷிமுராவுக்கு நான் கேட்டதே புரியலை.

முதல் மாசம் முடிஞ்சது. மத்த ரெண்டு டீம் பெட்டியிலயும் ஏதோ பத்து இருபது கார்டு. என் பெட்டியில ஒண்ணுமே இல்லை. எல்லார் முன்னாடியும் நின்னு, "ஜீரோ"ன்னு சொன்னேன். என் பழைய கம்பெனியில ஜீரோன்னா கேக் வெட்டுவாங்க. இங்கே நிஷிமுரா முகம், வீட்ல துக்கம் கேள்விப்பட்ட மாதிரி ஆயிடுச்சு. மொழிபெயர்க்க ஒரு பொண்ணு இருக்கா, நிவேதா, காஞ்சிபுரம். அவ மூலமா கேட்டாரு: ஜீரோன்னா உங்க ஆளுங்களுக்குக் கண்ணு தெரியலையா, இல்லை வாய் வரலையான்னு. என்ன பேச்சு பாருங்க. விருந்தாளி வந்தா நாம கூடத்துல உக்கார வெச்சு காபி கொடுப்பமா, கொல்லைப்புறத்துச் சாக்கடையைத் திறந்து காட்டுவமா? நம்ம ஆளு ஒருத்தன் தப்பு பண்ணினா நாம கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவோம், டீ குடிக்கறதுக்குள்ள மறந்துருவோம். எழுதி வெச்சா அது தப்பு இல்லை சார், ஆவணம். அடுத்தவன் தப்பை எழுதினா காட்டிக் கொடுக்கறது. தன் தப்பை எழுதினா பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தையும் அவரே செஞ்சாரு. அடுத்த நாள் காலையில எல்லார் முன்னாடியும் நின்னு, நேத்து நான் ஹெல்மெட் போடாம மாடிப்படி ஏறினேன், கம்பியில தலை இடிச்சிருக்கும், என் தப்புன்னு ஒரு கார்டைப் படிச்சாரு. நூத்திருபது பேர் நிக்கறாங்க. எனக்கு உடம்பே கூசிடுச்சு. பெரியவரு இப்படித் தன்னைத்தானே இறக்கிக்கலாமா? அவரு போனதும் என் ஆளுங்களைக் கூப்பிட்டு, சார் சும்மா விளையாட்டுக்குச் சொன்னாரு, அப்படியெல்லாம் நடக்கலைன்னு சொல்லி வெச்சேன். அவரு மரியாதையை நான் காப்பாத்தினேன். அவருக்கு அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ரெண்டாவது மாசமும் ஜீரோ. அப்பத்தான் நிவேதா மெல்லச் சொன்னா, சார், ஜப்பானுக்குப் போற ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல கார்டையும் பார்ப்பாங்கன்னு. அதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ஜீரோ எடுக்கறேன்? உற்பத்தி வேணும்னா உற்பத்தி பண்ணிட்டுப் போறோம். வாரத்துக்கு இருபத்தஞ்சு கார்டுன்னு கணக்கு வெச்சேன். எழுதறது யாரு? எங்க ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம். ஊர்ல நோட்டீஸு, வாழ்த்துமடல், இரங்கல் எல்லாம் அவன் கைதான். அவனைக் கூப்பிட்டு, விபத்து வேணும்டா, யாருக்கும் அடிபடக் கூடாது, யார் மேலயும் பழி வரக் கூடாதுன்னேன். "நடக்காத விபத்துதானே அண்ணே, எவ்வளவு வேணும்"னான்.

எழுதினான் சார். மின்சாரப் பெட்டியைத் திறந்தா உள்ளே சாரைப்பாம்பு. ஏணியில ஏறினா நாலாவது படி ஆடுச்சு. எண்ணெய் சிந்தின தரையில கால் வழுக்கினது, முருகன் காப்பாத்தினான். அந்த முருகன்தான் அவனுக்குக் கை வந்த முடிவு. ஒரே வாரத்துல ஒன்பது கார்டுல முருகன் காப்பாத்திட்டான். நிவேதா எழுதியிருக்கறதை எழுதியிருக்கற மாதிரியே ஜப்பான் மொழியில சொல்லிட்டா. நிஷிமுரா அசந்துபோய், இந்த முருகன்-சான் எந்த செக்‌ஷன், எந்த ஷிப்டுன்னு கேட்கறாரு. நிவேதா என் முகத்தைப் பார்க்கறா. சாமின்னு சொன்னா, இவங்க வேலை செய்யற ஆளா, வேண்டிக்கற ஆளான்னு நினைச்சுக்க மாட்டாரா? கேன்டீன்னு சொல்லிட்டேன். கேன்டீன்ல நிஜமாவே ஒரு முருகன் இருக்காரு, சாம்பார் ஊத்தறவரு. மறுநாள் காலையில அவரைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, சான்றிதழும் ஒரு துண்டும் கொடுத்து நன்றி சொன்னாரு நிஷிமுரா. கேன்டீன் முருகன் அழுதுட்டாரு. இருபத்திரண்டு வருஷமா சாம்பார் ஊத்தறேன், இன்னைக்குத்தான் ஒருத்தர் நன்றி சொன்னாருன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆக, நல்லதுதான் நடந்தது.

ஆனா அந்த ஜப்பான்காரருக்கு ஒரு வியாதி சார். எழுதினா நம்பிடறாரு. பாம்புக் கார்டுக்காக வேலையை நிறுத்தி, கம்பெனியைச் சுத்தி இருந்த புதரையெல்லாம் வெட்டச் சொன்னாரு. ஏணிக் கார்டுக்காக பதினாறு ஏணியையும் பிரிச்சுப் பார்த்தாங்க. எல்லாம் நல்ல ஏணி. எண்ணெய்க் கார்டுக்காகத் தரையையே மாத்தினாங்க. என் கார்டால மட்டும் ஒன்பது நாள் வேலை பிந்திடுச்சு. நான் மரியாதைக்குப் பொய் சொன்னேன், அவரு மரியாதைக்கு நம்பினாரு. ரெண்டு பேரும் மரியாதைக்காரங்களா இருந்தா வேலை எப்படி சார் நடக்கும்? ஆனாலும் நாலாவது மாசம் முடியும்போது என் பெட்டியில இருநூத்திப் பன்னெண்டு கார்டு. மூணு டீம்ல நான்தான் முதல். நிஷிமுரா என் கையைக் குலுக்கி, தணிகா-சான், பாஸ்போர்ட் எடுத்து வெச்சுக்கங்கன்னாரு. அன்னைக்கே போய் அப்ளிகேஷன் போட்டேன். என் சம்சாரம் குமுதவல்லி தெரு முழுக்கச் சொல்லிட்டா.

இப்ப அந்த இந்திக்காரர் விஷயத்துக்கு வர்றேன். நாப்பது வயசு இருக்கும். மிஷின் தூக்கி இறக்கற வேலை. வாய் திறக்க மாட்டாரு. திறந்தாலும் நமக்கு என்ன புரியப்போவுது. செயின் பிளாக் தெரியுமா சார்? மேலே மாட்டியிருக்கும், சங்கிலியை இழுத்தா கனமான மிஷினைத் தூக்கும், இறக்கும். அது என் மச்சான் ஜெயவேலு பொறுப்பு. குமுதவல்லியோட தம்பி. நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மாசாமாசம் அதைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். கையெழுத்து ஒரு மாசம்கூடத் தவறினதில்லை. சோதிச்சானான்னு நான் கேட்கலை. வீட்டு மாப்பிள்ளை கேட்கற கேள்வியா அது? ஆயுத பூஜைக்கு அந்த செயின் பிளாக்குக்குச் சந்தனம் பூசி, பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினோம். அதுக்கு மேல என்ன பராமரிப்பு வேணும்?

இந்த இந்திக்காரர் ஒரு நாள் என்கிட்ட வந்தாரு. என்னமோ நீளமாச் சொன்னாரு. சொல்லிட்டு, கையை மேலேர்ந்து கீழே மெதுவா இறக்கிக் காட்டினாரு. முகத்துல ஒரே கவலை. சரி, ஊர்ல அம்மாவுக்கு உடம்பு இறங்கிக்கிட்டே வருது போல, லீவு கேட்கறாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். எனக்கும் கொஞ்சம் இந்தி வரும் சார், "லீவ் நஹி"ன்னேன். நாலு நாள் கழிச்சு மறுபடி வந்தாரு. அதே கை, அதே இறக்கம். "லீவ் நஹி." மூணாவது தடவை வந்தப்ப எனக்கே பாவமாப் போச்சு. "சரி சரி, பார்த்துக்கலாம்"னேன். இளகின மனசு, என்ன பண்றது.

அந்த வாரம் கார்டு எடுக்கும்போது ஏகாம்பரம் ஒண்ணைத் தூக்கிக் காட்டினான். "அண்ணே, யாரோ ஜிலேபி பிழிஞ்சு போட்டிருக்கான்"னு. வட்டம் வட்டமா எழுத்து. நாங்க எழுதாத கார்டு ஒண்ணு பெட்டிக்குள்ள எப்படி வந்தது? இந்திக்காரங்க யாரோ லீவு லெட்டரை இதுல போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். இதை யாரு படிக்கறது, இதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை எங்கே தேடறது? அழகா அடுக்கி வெச்ச கார்டுக்கு நடுவுல இது ஒண்ணு திருஷ்டி மாதிரி. கிழிக்கலை சார், நான் அப்படிப்பட்ட ஆளு இல்லை. என் டிராயர்ல போட்டு வெச்சேன்.

அதுக்கப்புறம் ஆறு நாள். காலையில பத்தரை மணி. நாலு டன் பிரஸ் மிஷினை இறக்கறோம். ஜெயவேலு கீழே நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கையைக் காட்டறான். இடுப்பு உயரத்துக்கு வந்தது. சங்கிலி ஒரு மாதிரி முனகுச்சு. இந்த இந்திக்காரர் எங்கேர்ந்து வந்தாருன்னு தெரியலை, பின்னாடியேதான் நின்னிருக்காரு போல, ஜெயவேலு சட்டைக் காலரைப் பிடிச்சு ஒரே இழுப்பு. ரெண்டு பேரும் மல்லாக்க விழுந்தாங்க. ஜெயவேலு நின்ன இடத்துல மிஷின் இறங்கிடுச்சு. தரையில ஒரு சாண் பள்ளம். மிஷினோட கால் வளைஞ்சு போச்சு. லைன் நாப்பது நாள் தள்ளிப் போச்சு. யாருக்கும் அடி இல்லை. ஜெயவேலு சட்டை மட்டும் முதுகு வரைக்கும் கிழிஞ்சிடுச்சு, தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை. கொஞ்சம் பார்த்து இழுத்திருக்கலாம்னு சொன்னேன். பதற்றத்துல சொல்றதுதானே சார்? ஜெயவேலு தரையில உக்காந்தபடியே என்னைப் பார்த்தான்.

"மாமா, சட்டை கிழிஞ்சது உங்க கண்ணுக்குத் தெரியுது. நான் தெரியலையா?"

சின்னப் பேச்சு. வயசு அப்படி.

நம்ம ஊரா இருந்தா அன்னைக்கே யாரு பண்ணினதுன்னு ஒரு சத்தம் போட்டு, ரெண்டு பேரை சஸ்பெண்ட் பண்ணி, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருப்பாங்க. நிஷிமுரா யாருன்னே கேட்கலை. இருநூத்திப் பன்னெண்டு கார்டையும் மேஜை மேல பரப்பி, இதுல செயின் பிளாக் பத்தி எத்தனைன்னு கேட்டாரு. பாம்பு இருக்கு, ஏணி இருக்கு, முருகன் இருக்கான். செயின் பிளாக் இல்லை. பின்னாடியிலேர்ந்து அந்த இந்திக்காரர் கையைத் தூக்கினாரு. கார்டைக் காட்டினாரு, பெட்டியைக் காட்டினாரு, தன் நெஞ்சைத் தொட்டாரு. நான் ஒண்ணு போட்டேன்னு சொல்றாராம்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததை நிவேதா பார்த்தா. அப்புறம் டிராயரைத் திறக்காம இருக்க முடியுமா? எடுத்துக் கொடுத்தேன். பத்திரமா வெச்சிருந்தேன்னும் சொன்னேன். அதை யாரும் காதுல வாங்கலை.

அவரையே படிக்கச் சொல்லி, செல்போனைப் பக்கத்துல பிடிச்சாரு நிஷிமுரா. அவரு படிக்கப் படிக்க போன் ஜப்பான் மொழியில சொல்லுது. போனுக்கு எல்லா மொழியும் தெரியும் சார், அதுக்கு என்ன, வேலையா வெட்டியா. நடுவுல ஒரு இடத்துல மட்டும் "பார்த்துக்கலாம்"னு தமிழ்லயே படிச்சாரு. ரெண்டு வருஷத்துல எங்ககிட்ட அவரு கத்துக்கிட்ட வார்த்தை அது. நிவேதா எல்லாருக்கும் தமிழ்ல சொன்னா.

"பாரத்தோட நிக்கும்போது சங்கிலி ஒரு சாண் தானா இறங்குது. சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். பார்த்துக்கலாம்னு சொன்னார். அவர் பார்க்கற வரைக்கும், அந்தச் சங்கிலி ஓடும்போதெல்லாம் நான் பக்கத்துலயே நிப்பேன்."

நீங்களே சொல்லுங்க சார். நான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதானே நினைச்சேன்? இதுல என் தப்பு எங்கே இருக்கு?

ஒரு வாரத்துல ஜப்பானுக்கு ஆள் மாறிடுச்சு. அந்த இந்திக்காரருக்கு பாஸ்போர்ட்டை அவசரமா எடுத்தாங்க. கம்பெனி ஃபாரத்தை நிரப்ப என்னையே உதவி செய்யச் சொன்னாங்க. பக்கத்துல உக்காந்து, போனை நடுவுல வெச்சுக்கிட்டு எழுதினேன். பேரு ரத்னாகர் பேஹெரா. ஊரு ஒடிஷா. தாய்மொழி ஒடியா. இந்தி அவருக்கும் அரைகுறைதானாம், என்னை மாதிரி. அம்மா பேருன்னு கேட்டிருந்த இடத்துல, காலமாகி பதினாலு வருஷம்னு சொன்னாரு. ஆக, அவரு லீவே கேட்கலை. கேட்காத லீவை நான் ரெண்டு தடவை மறுத்து, மூணாவது தடவை பார்த்துக்கலாம்னும் சொல்லியிருக்கேன்.

வீட்டு நிலவரம் அதைவிட மோசம். போன ஞாயித்துக்கிழமை ஜெயவேலு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். ரத்னாண்ணே, ரத்னாண்ணேன்னு ஒரே உபசாரம். குமுதவல்லி கறிக்குழம்பு வெச்சு நல்லி எலும்பை அவரு இலையில போட்டா. எனக்கு உருளைக்கிழங்கு வந்தது. பாஷை தெரியாதவரோட மூணு பேரும் ரெண்டு மணி நேரம் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்காங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியலை. எனக்குத்தான் இந்தி தெரியுமே, அதனால புரியலையோ என்னவோ.

சரி, போனது போகட்டும். வேற லைன்லயாவது இன்சார்ஜ் வேலை கிடைக்குமான்னு பார்த்தா, அதுக்கும் ஒரு முட்டுக்கட்டை. நிஷிமுரா என்னை வேலையை விட்டு அனுப்பலை. திட்டலை. ஒரே ஒரு கார்டைக் கொடுத்தாரு. உங்க கார்டை நீங்களே எழுதுங்க, உங்க கையால. எழுதினா பழையபடி ஷிப்டைப் பார்த்துக்கலாம், அப்புறம் இன்சார்ஜைப் பத்தியும் பேசலாம்னாரு. அதுவரைக்கும் நான் ஸ்டோர்ல ஏகாம்பரத்துக்குப் பக்கத்துல உக்காரணும். மூணே கட்டம் சார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வீங்க. முதல் கட்டம், சங்கிலி இறங்கினதுன்னு எழுதிட்டேன். மூணாவது, தினமும் சங்கிலியைப் பார்ப்போம்னு எழுதிட்டேன். நடுவுல அந்த "ஏன்" மட்டும் காலி.

எழுதாம இல்லை. பென்சில்ல எழுதினேன். மச்சான் பார்க்காம கையெழுத்துப் போட்டதால்னு எழுதினேன், வீட்டை நினைச்சு அழிச்சேன். சங்கிலி பழசானதால்னு எழுதினேன், அது வாங்கி எட்டே மாசம்னு நிவேதா சொன்னா. இன்னைக்கு ஏர்போர்ட்ல காத்திருக்கும்போது நல்லா யோசிச்சு, மொழி தெரியாததால்னு எழுதினேன். யாரு மனசும் புண்படாது, நிஜமும்கூட. கூட வந்திருந்த நிவேதாகிட்ட காட்டினேன். அவ படிச்சுட்டு, யாருக்குத் தெரியாததால் சார்னு கேட்கறா. அந்தப் பக்கம் அவரு வரிசையில நின்னு கையை ஆட்டிக்கிட்டிருக்காரு. நானும் ஆட்டினேன். அப்புறம் அதையும் அழிச்சுட்டேன். பாருங்க, அந்தக் கட்டத்துல காகிதமே தேஞ்சு போச்சு.

இதுக்குத் திட்டியிருந்தா எனக்குப் பழக்கம் சார். பதினெட்டு வருஷமா எத்தனை மேனேஜர்கிட்ட வாங்கியிருக்கேன். ஒருத்தர் ஃபைலைத் தூக்கி எறிஞ்சிருக்காரு. அதெல்லாம் தோளைத் தட்டி விட்டுட்டுப் போற தூசி. இந்த மனுஷன் தினமும் காலையில எட்டு மணிக்கு ஸ்டோருக்கு வர்றாரு. கார்டை வாங்கிப் பார்க்கறாரு. நடுக்கட்டம் காலி. கார்டைத் திருப்பி ரெண்டு கையாலயும் என்கிட்ட கொடுத்துட்டு, இடுப்பை வளைச்சு, தலையைத் தாழ்த்தி, குனிஞ்சு நிக்கறாரு. என்னை விடப் பத்து வயசு பெரியவரு. முழுசா குனிஞ்சுட்டுத்தான் போறாரு. இன்னையோட பதினோரு நாள். இன்னைக்கு ஏர்போர்ட் போகணும்னு அஞ்சரை மணிக்கே கிளம்பினேன், கம்பெனி கேட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு.

காஞ்சிபுரம் வந்துடுச்சா? இன்னும் ஒரு மணி நேரம்தான். நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, ஒண்ணு கேட்கறேன், பதில் தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா விடுங்க. எதிர்ல ஒருத்தர் தினமும் வந்து குனிஞ்சு நின்னா, இந்தப் பக்கம் நிக்கறவன் எத்தனை நாளைக்கு சார் நிமிர்ந்தே நிக்கறது?